லைசென்ஸ் துப்பாக்கியை விற்கணுமா? விலை பேசுவதற்கு முன்னால் தெரிய வேண்டிய 45 நாள் கணக்கு

பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர் எங்கேயோ இடித்துவிட்டுப் போவார். நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்கு வரும். துப்பாக்கியும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே வாசலுக்கு வருவது நோட்டீஸ் இல்லை, போலீஸ்.

தமிழ்நாட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும் வீடுகள் குறைவு. இருக்கும் பல வீடுகளில் அது போன தலைமுறையின் பொருள். மலையோரத் தோட்டத்தில் பயிர்க்காவலுக்கு வாங்கியது, கடைப் பாதுகாப்புக்கு வாங்கியது, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் வங்கிக் காவலர் வேலைக்காக வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். வேட்டைக்கு வாங்கியவர்களும் உண்டு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தேவையும் போய்விட்டது.

இப்போது வாங்கியவருக்கு வயதாகிவிட்டது, அல்லது அவர் உயிரோடு இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறார்கள். பீரோவில் கிடக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. "தெரிஞ்சவங்க யாராச்சும் கேட்டா குடுத்துடலாம்" என்று பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

அப்படி யோசிக்காமல் கொடுப்பதுதான் ஆபத்து. விற்கவே முடியாது என்று பயப்படவும் வேண்டாம். சட்டத்தில் வழி இருக்கிறது, அது நேரான வழியும்கூட. ஆனால் அதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் விற்றவர்தான் மாட்டுவார்.

தனிநபர் துப்பாக்கி விற்கலாமா?

விற்கலாம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-வது பிரிவு, துப்பாக்கி வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்கிறது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்துக்கொள்ளச் சட்டப்படி தகுதி உள்ள இன்னொருவருக்கு விற்க, வியாபார லைசென்ஸ் தேவையில்லை.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

• விற்கப்போகும் விவரத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.

• அப்படித் தெரிவித்த பிறகு குறைந்தது 45 நாள் கழிய வேண்டும்.

மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் மாவட்டங்களில் ஆட்சியர். சென்னை, கோவை, மதுரை போல போலீஸ் கமிஷனர் உள்ள மாநகரங்களில் ஆயுதச் சட்டத்தைப் பொறுத்தவரை கமிஷனர்தான் அந்த இடத்தில் இருக்கிறார்.

இந்த 45 நாள் எதற்கு? வாங்குபவர் யார், அவர் மீது வழக்கு உண்டா, அவர் காட்டும் லைசென்ஸ் உண்மையானதா என்று அரசு பார்த்துக்கொள்வதற்கான அவகாசம் இது. இதில் விற்பவருக்கும் லாபம் உண்டு. பின்னாளில் அந்தத் துப்பாக்கி எங்கே போனாலும், "நான் சொல்லிவிட்டுத்தான் விற்றேன்" என்று காட்ட அவர் கையில் காகிதம் இருக்கும்.

யூடியூப் டிப்ஸ் ஏன் இங்கே உதவாது?

"பழைய துப்பாக்கியை விற்பது எப்படி" என்று தேடினால் வரிசையாக அமெரிக்க வீடியோக்கள் வரும். நல்ல போட்டோ எடு, ஆன்லைனில் விளம்பரம் போடு, பொது இடத்தில் சந்தி, விற்பனைச் சீட்டில் கையெழுத்து வாங்கு என்று அடுக்குவார்கள்.

அந்த நாட்டுச் சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் கட்டாயம், கூட்டாட்சிச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற டீலர்களுக்குத்தான். தனிநபர் தனிநபருக்கு விற்கும்போது அந்தச் சோதனை வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் தனியார் விற்பனையும் டீலர் வழியாகத்தான் நடக்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை இல்லை, அரசு கொடுக்கும் அனுமதி. ஆகவே விற்பனையும் இரண்டு பேருக்கு இடையிலான விவகாரம் மட்டும் இல்லை. மூன்றாவது ஆளாக அரசு எப்போதும் அங்கே இருக்கிறது. ஃபேஸ்புக்கில் போடலாமே என்றால், தனிநபர்கள் தங்களுக்குள் துப்பாக்கி விற்பதை அந்த நிறுவனம் 2016-லேயே தடை செய்துவிட்டது. சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், "எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்று ஊருக்கே அறிவிப்பது புத்திசாலித்தனம் இல்லை. அருகில் உள்ள ஆயுத டீலர்கள், துப்பாக்கி சுடும் சங்கங்கள், ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் ஆகிய வட்டத்துக்குள் தேடுவதுதான் பாதுகாப்பு.

யாருக்கு விற்கலாம்?

"பார்ட்டி நல்லவர், ஊர்ல பெரிய மனுஷன்" என்பதெல்லாம் கணக்கில் வராது. பார்க்க வேண்டியவை இவை:

• வாங்குபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும்" என்பவருக்கு இப்போது கொடுக்க முடியாது.

• அந்த லைசென்ஸ் அதே வகைத் துப்பாக்கிக்கானதா? 12 போர் ஷாட்கன்னுக்கு அனுமதி பெற்றவர் ரிவால்வர் வாங்க முடியாது.

• அதில் காலி இடம் இருக்கிறதா? 2019 திருத்தத்துக்கு முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது பொதுவாக இரண்டுதான்.

• வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்றால் விற்றவர் மீதும் குற்றம்.

• லைசென்ஸில் யு.ஐ.என். எனும் தனி அடையாள எண் இருக்கிறதா? தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறாத, இந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ் புத்தகம் செல்லாது.

இதே சோதனையை விற்பவர் தன் லைசென்ஸுக்கும் செய்ய வேண்டும். புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா? புத்தகத்தில் எழுதியிருக்கும் தயாரிப்பு எண்ணும், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைத் திருத்த மனு கொடுக்க வேண்டும். "சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி" என்றுதான் 5-வது பிரிவு தொடங்குகிறது. தன் காகிதமே சரியில்லாதவருக்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது.

9 எம்.எம்., .303 போன்ற ராணுவ, போலீஸ் உபயோகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். அதேபோன்ற லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும் என்பதால் ஆள் கிடைப்பதே கஷ்டம்.

விற்பனை படிப்படியாக எப்படி நடக்கும்?

முதல் படி, வாங்குபவரின் லைசென்ஸ் ஒரிஜினலை நேரில் பார்த்து நகல் வாங்குவது. வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ போதாது.

இரண்டாவது, எழுத்துப்பூர்வத் தகவல். துப்பாக்கியின் வகை, போர் அளவு, தயாரிப்பு எண், இரு தரப்பு லைசென்ஸ் எண்கள், வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் அதற்கும் ஒப்புகை வாங்க வேண்டும். 45 நாள் எண்ணத் தொடங்குவது இந்தத் தேதியிலிருந்துதான்.

மூன்றாவது, காத்திருப்பு. துப்பாக்கி இந்தக் காலத்தில் விற்பவரிடமேதான் இருக்கணும். "அட்வான்ஸ் குடுத்துட்டேன், எடுத்துட்டுப் போறேன்" என்பதற்கு இடமில்லை. வாங்குபவர் வேறு மாவட்டக்காரர் என்றால் அவருக்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்றையும் நடைமுறையில் கேட்பார்கள். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

நான்காவது, கைமாற்றம். பணம் வங்கி வழியாக. இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் இரண்டு பிரதி. அன்றைக்கே அல்லது மறுநாளே இரண்டு லைசென்ஸ்களிலும் பதிவுக்கான வேலை. விற்றவரின் லைசென்ஸிலிருந்து துப்பாக்கி நீக்கப்பட்டு, வாங்கியவரின் லைசென்ஸில் ஏறினால்தான் விற்பனை முடிந்தது.

"45 நாள் ஆச்சு, ஆபீஸ்ல இருந்து பதிலே வரல, கொடுத்துடலாமா?" என்ற கேள்வி வரும். சட்டம் கேட்பது தகவலும் 45 நாளும்தான். ஆனால் வாங்குபவரின் லைசென்ஸில் ஏறாத துப்பாக்கி அவர் கையில் இருந்தால் அவருக்குச் சிக்கல். அந்தச் சிக்கல் விற்றவரையும் இழுக்கும். நினைவூட்டல் மனு கொடுத்துவிட்டுப் பதிவு நடக்கும் நாளில் ஒப்படைப்பதே நல்லது.

தேர்தல் காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் தொடங்கிய விற்பனை இழுத்துக்கொண்டே போகும்.

டீலரிடம் கொடுப்பதா, நேரடியாக விற்பதா?

லைசென்ஸ் பெற்ற டீலருக்கு நடைமுறை அத்துப்படி. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்று அவருக்குத் தெரியும், வாங்குபவர்களும் அவரைத் தேடி வருவார்கள். அவருக்கும் லாபம் வேண்டும் என்பதால் கையில் வரும் தொகை குறையும். நேரடியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கலாம், அலைச்சலும் கூடும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், வாங்க ஆள் தெரியாதவர்கள் டீலர் வழியாகப் போவதில் நஷ்டம் இல்லை. எழுத்துப்பூர்வத் தகவலும் லைசென்ஸ் பதிவும் டீலரிடம் கொடுக்கும்போதும் உண்டு.

நல்ல விலைக்கு என்ன செய்யலாம்?

பழைய துப்பாக்கி என்றாலே லட்சக்கணக்கில் போகும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. அது பாதி உண்மை. 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி தனிநபர்களுக்குக் கிட்டத்தட்ட மூடப்பட்டுவிட்டது. ஆகவே அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வெப்ளி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வால்தர் போன்ற கைத்துப்பாக்கிகளுக்கு இன்றும் கிராக்கி. உள்நாட்டு ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும், இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிளுக்கும் அந்த மவுசு கிடையாது. குறைந்தது இரண்டு டீலரிடம் விலை கேட்டுவிட்டு எதிர்பார்ப்பை வைத்துக்கொள்வது நல்லது.

விலையைத் தீர்மானிப்பது வெளிப் பளபளப்பு இல்லை. குழலின் உட்புறத்தில் துருக்குழி இருக்கிறதா, மூடும்போது இடைவெளி ஆடுகிறதா, விசை சரியாக நிற்கிறதா, கட்டையில் விரிசல் உண்டா என்றுதான் விவரம் தெரிந்தவர் பார்ப்பார். பழைய ஆங்கிலேய ஷாட்கன்களில் இன்னொன்றும் முக்கியம். அவற்றில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளம்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால் குழலில் அழுத்தம் எகிறும். அறை நீளம் தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்வது நேர்மை மட்டும் இல்லை, அவர் உயிர் சம்பந்தப்பட்டது.

எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். "புதுசு மாதிரி ஆக்கிடலாம்" என்று உள்ளூர்ப் பட்டறையில் பஃப் அடிக்கக் கொடுத்தால், தயாரிப்பு எண்ணும் முத்திரையும் தேய்ந்துபோகும். அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் 8-வது பிரிவின்படி குற்றம். குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் அப்படியே.

"ஒரு தடவை சுட்டுப் பாக்கலாமா?"

வாங்குபவர் கேட்கும் நியாயமான கேள்விதான். அதற்கான இடம் தோப்பு இல்லை, அங்கீகாரம் பெற்ற சுடும் தளம். கண்டபடி, மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

மிச்சம் இருக்கும் தோட்டாக்களையும் மறக்கக் கூடாது. "அதையும் சேர்த்து வச்சுக்கோங்க" என்று பையில் போட்டுக் கொடுக்க முடியாது. தோட்டாவுக்கும் லைசென்ஸ் உண்டு, கொடுக்கும் தகவலில் அதன் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். பல வருடம் ஈரத்தில் கிடந்த தோட்டாவை விற்க நினைக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே பத்திரம்.

தப்பாக விற்றால் என்ன தண்டனை?

இதில் இரண்டு நிலை உண்டு. தகுதி உள்ளவருக்கே விற்றாலும், தகவல் கொடுக்காமலோ 45 நாள் முடியும் முன்போ விற்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஐநூறு ரூபாதானே" என்று தோன்றலாம். ஆனால் லைசென்ஸே இல்லாதவருக்கு விற்றால் 5-வது பிரிவின் விலக்கே போய்விடும். அது சட்டவிரோத ஆயுத விற்பனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாங்குபவரின் லைசென்ஸ் என்ற ஒரே ஒரு காகிதம்தான்.

உரிமதாரர் இறந்துவிட்டால்?

குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்கு இல்லை. அப்பா இறந்த பிறகு அவர் லைசென்ஸைக் காட்டி மகனோ மகளோ துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. "எங்கப்பாது தானே" என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

21-வது பிரிவு சொல்வது தெளிவு. வைத்திருக்கும் தகுதி போய்விட்டால், தேவையில்லாத தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் துப்பாக்கி கையைவிட்டுப் போய்விடாது. அது பத்திரமாக வைப்பதுதான். விதிகள் குறிப்பிடும் காலத்துக்குள் வாரிசு தனக்கு லைசென்ஸ் வாங்கி அதைத் திரும்பப் பெறலாம். அல்லது தகுதி உள்ள ஒருவருக்கு விற்று, பணத்தைப் பெறலாம். தானே நேரில் நின்று விற்க முடியாவிட்டால் விற்க அங்கீகாரம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. எதையும் செய்யாமல் காலம் கடந்தால் அரசு பறிமுதல் செய்துகொள்ளும்.

ஊரிலிருந்து துப்பாக்கியைக் காரில் வைத்துக் கிளம்புவதற்கு முன் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் வண்டியில் துப்பாக்கி இருந்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்வது கஷ்டம். ஒப்படைத்ததும் தயாரிப்பு எண்ணோடு ரசீது வாங்குவது அவசியம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஒரிஜினல் லைசென்ஸ் ஆகியவற்றைத் தயாராக வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்பா உயிரோடு இருக்கும்போதே முடிவெடுப்பது இன்னும் சுலபம். 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் சொல்லும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் அவரே தன் கையெழுத்தில் விற்றுவிடலாம்.

அரசின் பக்கம் என்ன பாக்கி?

45 நாள் காத்திருக்கச் சொல்வது நியாயமான கட்டுப்பாடு. ஆனால் கட்டுப்பாடு வேறு, இழுத்தடிப்பு வேறு. ஆட்சியர் அலுவலகம், காவல் நிலையம், வாங்குபவரின் மாவட்டம் என்று மூன்று இடத்துக்கு அலைய வேண்டும், போலீஸ் என்ன கேட்குமோ என்று பயப்பட வேண்டும் என்றால், நேர்மையான குடும்பம்கூட "பரண்லயே கெடக்கட்டும்" என்று முடிவெடுத்துவிடும். யார் பெயரிலும் இல்லாமல் பரணில் கிடக்கும் துப்பாக்கிதான் திருட்டுக்கும், குழந்தை கையில் கிடைக்கும் விபரீதத்துக்கும், குடும்பச் சண்டையில் நடக்கும் கொலைக்கும் வழி.

லைசென்ஸ் விவரம் முழுவதும் தேசியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. இறப்புப் பதிவும் கணினியில்தான் நடக்கிறது. உரிமதாரர் இறந்தது பதிவானதும், என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள், யாரிடம் என்று எளிய தமிழில் ஒரு கடிதம் அந்தக் குடும்பத்துக்குப் போவது முடியாத காரியம் இல்லை. தாமதமாக வந்து ஒப்படைப்பவரைக் குற்றவாளி போல நடத்தாமல் ரசீது கொடுத்து அனுப்புவதும் அப்படியே.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் துப்பாக்கி இருந்தால், அது யார் பெயரில் இருக்கிறது, லைசென்ஸ் எதுவரை செல்லும், யு.ஐ.என். இருக்கிறதா என்று இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது பார்த்துவிடலாம். விலை எவ்வளவு போகும் என்ற பேச்சை அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.